தைக்கத் தெரியாத தையல் மெஷின் கடைக்காரர்

பாஸ்கரன் அங்கிள் போய்விட்டார். ஹில்கிராஃப்ட் ரோட்டில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் தையல் மெஷின் கடை வைத்திருந்தாரே... அவர்தான்.

இன்று பாபின் வாங்கப் போனேன். கவுன்டரில் அவர் மனைவி வசந்தா ஆன்ட்டி மட்டும். "அங்கிள் எங்க, லஞ்ச் பிரேக்கா?" என்று சிரித்துக்கொண்டே வேறு கேட்டுத் தொலைத்தேன்.

இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். காலையில் காபிக்கு எழுப்பியிருக்கிறார் ஆன்ட்டி, எழவில்லை. தூக்கத்திலேயே.

"பிகினருக்கு எந்த மெஷின் வாங்கலாம்?" என்று இந்தத் தையல் குரூப்பில் வாராவாரம் கேட்பீர்களே... நான் அள்ளிவிடும் பதில் எல்லாம் அவர் கடையில் பொறுக்கியதுதான் மக்களே.

இத்தனைக்கும் அங்கிளுக்குத் தைக்கத் தெரியாது. ஜோக் இல்லை, சத்தியமாக! ஆயில் கம்பெனியில் பம்ப் டிசைன் செய்துகொண்டிருந்தவர். லேஆஃப் ஆனதும் இந்தக் கடையை எடுத்து நடத்தினார்.

புது மாடல் வந்தால் மேனுவலை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவார். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தரக் கூடாது, அதுதான் ரூல். தானே நூல் கோத்து ஒரு கோடு தைத்துவிட்டால் அந்த மெஷின் "எனக்கு வந்தது" அலமாரிக்குப் போகும். இல்லையென்றால் "எனக்கு வரலை" அலமாரிக்கு. மார்க்கரில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருப்பார்.

"ஏன் அங்கிள், கத்துக்க வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கத்துக்கிட்டா கடை போச்சும்மா. அப்புறம் எல்லா மெஷினும் எனக்கு ஈஸியாத்தான் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு எது கஷ்டம்னு யார் சொல்றது?"

முதல் தடவை அங்கே போனபோது என் ஃபோன் முழுக்க ஸ்கிரீன்ஷாட். தையல், எம்பிராய்டரி ரெண்டும் சேர்ந்த பெரிய மெஷின், டச் ஸ்கிரீன், வைஃபை... மூச்சே விடாமல் பேசினேன்.

"எல்லா வீடியோவும் பார்த்துட்டேன் அங்கிள்! எல்லாம் தெரியும்!"

"தச்சிருக்கியா?"

"இல்ல..."

"நேரா ஒரு கோடு?"

"இல்ல அங்கிள்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். வா."

என் கனவு மெஷின் "வரலை" அலமாரியில் இருந்தது! தையலிலிருந்து எம்பிராய்டரிக்கு மாற்றும் போதெல்லாம் துணிக்கு அடியில் நூல் இடியாப்பம் பிழிந்துவிட்டதாம். பதிலுக்கு ஒரு சின்ன மெஷினைக் காட்டினார். இதிலும் ரெண்டு வேலையும் உண்டு, ஆனால் எம்பிராய்டரி ஃபிரேம் நாலுக்கு நாலு இன்ச்தான். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"இதுல மயில் எப்படி அங்கிள் வரும்? தோகைக்கே எடம் பத்தாது."

"மயில் அப்புறம் வரும். மொதல்ல கோழிக்குஞ்சு போடு."

போட்டேன். அன்று சாயங்காலமே, அப்பாவின் கர்ச்சீஃபில், மஞ்சள் கோழிக்குஞ்சு! கண் கொஞ்சம் ஒன்றரைக்கண். இருந்தாலும் வீடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன்.

பிறகு போன வருஷம் அந்த விபத்து. நான் கண்ணால் பார்த்தேன்.

புது மெஷின் ஒன்று வந்திருந்தது. ஃப்ரீவே டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே அங்கிள் உட்கார்ந்தார். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை... மடமடவென்று நூல் கோத்து, ஒரு கோடு தைத்து முடித்துவிட்டார். மேனுவலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தார்.

"வசந்தா... எனக்கு வந்துடுச்சு."

ஆன்ட்டி அலறி எழுந்தார். "ஐயோ, என்னங்க, நெஞ்சு வலியா?"

"அது இல்ல. தைக்க வந்துடுச்சு."

"அட ச்சீ! இதுக்கா இந்த மூஞ்சி?"

"இனிமே டெஸ்ட் யார் பண்றது? நீ பண்றியா?"

"நான் பில் போடத்தான் வருவேன். அந்தச் சனியனைத் தொடவே மாட்டேன், சொல்லிட்டேன்."

அங்கிள் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகப் பார்க்கிங் லாட்டையே பார்த்தார். அங்கே என் அப்பா, எங்கள் வீடு இருக்கும் பேர்லேண்டிலிருந்து என்னைக் கூட்டிவந்த களைப்பில், காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிள் போய்க் கதவைத் தட்டினார்.

"சார், தைக்கத் தெரியுமா?"

"பட்டன்கூடத் தெரியாது சார். ஏன்?"

"அப்பாடா! உள்ள வாங்க சார், உள்ள வாங்க."

அன்றிலிருந்து காரில் காத்திருந்த எந்தப் புருஷனும் எந்த அப்பாவும் தப்பவில்லை. அங்கிள் மூலையில் உட்கார்ந்து தலையணை உறையாகத் தைத்துத் தள்ளினார். "தெரியாதவனா இருந்தது போதும்மா, இப்ப ஜாலியா இருக்கு" என்பார். அந்தச் சிரிப்பு...

இன்று நான் கடையில் இருக்கும்போதே ஒரு காலேஜ் பெண் தனியாக வந்தாள். போன வாரம்தான் வந்த ஒரு மாடலைக் காட்டி, "ஆன்ட்டி, இது பிகினருக்கு ஓகேவா?" என்று கேட்டாள்.

ஆன்ட்டி வெளியே பார்த்தார். என் காரும் அவள் காரும்தான், இரண்டிலும் ஆள் இல்லை. என்னைப் பார்த்தார். எனக்குத்தான் இப்போது தைக்கத் தெரியுமே ஆன்ட்டி... முடியாதென்று தலையை ஆட்டினேன்.

"ஒரு பத்து நிமிஷம் உக்காரும்மா. பார்த்துச் சொல்றேன்."

கவுன்டரைச் சுற்றி வந்து, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆன்ட்டி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மேனுவலில் முதல் பக்கம். நூலை எடுத்தார். மேலே இருந்த கொக்கியில் மாட்டாமல் நேராக ஊசிக்குப் போய்விட்டார்.

பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

கடையில தைக்கத் தெரியாத ஆள் இன்னும் இருக்காங்க அங்கிள். கவலைப்படாம போங்க.