பேராசிரியர் வைத்த தெர்மோஸ்டாட்

எழுபதுகளில் மான்ட்ரியலை அடுத்த லொங்குய்யில், சென்னைக்காரப் பேராசிரியர் ஒருவரின் பழைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீடு முழுவதையும் சூடாக்கும் கொதிகலனுக்கு, அறையின் சூட்டைப் பார்த்து அதை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றை அவர் புதிதாகப் பொருத்தினார். அதுவும் கீழே தன் கூடத்தில், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில்! அவர் விறகை மூட்டியதும், வீடே சூடாகிவிட்டதென்று கொதிகலன் நின்றுவிடும். மாடியில் என் கைக்குழந்தை நடுங்கும்.

முறையிட்டேன். "குளிரெல்லாம் மனசுலதாம்மா இருக்கு" என்றார் அந்த மகாமேதை.

ஞாயிறு மதியம் அவருடைய விருந்தாளிகள் நடுவே குழந்தையோடு போய் உட்கார்ந்தேன்.

"எங்க மனசு இன்னும் பக்குவப்படல சார். குளிர் போற வரைக்கும் இங்கேயே இருக்கோம்."

அவர் அசடு வழியச் சிரித்தார். மறுநாளே தெர்மோஸ்டாட்டை மாடிக்கு மாற்றினார்.

யாரையாவது மெத்தப் படித்தவர் என்று புகழ்ந்தால், அவரிடம் குடியிருப்பவர்களை விசாரிக்கத்தான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.