முனியாண்டி அண்ணாச்சி பார்த்த தண்ணீர்

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் உர மூட்டையோடு நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஊர் பரளச்சியில் இடி விழுந்து முனியாண்டி அண்ணாச்சி இறந்துவிட்டார். போனில் சொன்னவர், "ஒங்க காட்டுலதான்" என்றார். அரை மணி நேரத்துக்கு முன்பு அவரை அங்கே போகச் சொன்னது நான்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மானாவாரிக் காடு, மழையை மட்டுமே நம்பிய நிலம். மழை விழுந்தால் நாங்கள் வீட்டைப் பார்த்து ஓடுவோம். அவர் ஒரு பை உமியோடு காட்டைப் பார்த்து நடப்பார். மேட்டில் உமியைத் தூவி, அது மிதந்து போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே போவார். தண்ணீர் எங்கே நின்று சுற்றுகிறது, எங்கே மண்ணை அறுக்கிறது என்று பார்த்து, அடையாளத்துக்கு ஒரு கல் வைப்பார். கிறுக்கர் என்றது ஊர். நானும்தான் சொன்னேன்.

மழை ஓய்ந்ததும் அந்த அடையாளத்தில் தாழ்வாக வரப்புப் போட்டார். மிச்சத் தண்ணீர் வழிந்து போகத் தன் நிலத்திலேயே ஓரமாக ஒரு துண்டைச் சும்மா விட்டார். மூன்றாம் வருடம், வெடித்துக் கிடந்த அந்தக் கரிசலில் குதிரைவாலி கதிர் சாய்ந்து நின்றது.

எனக்குப் பொறாமை. தண்ணீரைச் சாக்கு வைத்து என் பக்கம் நகர்ந்துவிடுவாரோ என்ற சந்தேகம் வேறு. ஜேசிபி பிடித்து, எல்லைக் கல்லுக்குக் கல் நேராக, இடுப்பு உயரத்துக்கு வரப்பை ஏற்றினேன். வந்து பார்த்தவர், "தம்பி, தண்ணி பட்டாவைப் பாத்தா ஓடுது?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் தேங்கி என் மிளகாய்ச் செடி அத்தனையும் அழுகியது. பிறகு வரப்பு உடைந்து, தண்ணீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போனது. இரண்டு வருடம் காடு தரிசாகக் கிடந்தது.

இந்த வருடம் வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். "மொத மழை பெய்யட்டும். பாக்காம மம்பட்டியத் தொடக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த மழைதான் அன்று மதியம் இறங்கியது. "அண்ணாச்சி, நான் டவுனுல மாட்டிக்கிட்டேன். என் காட்டை ஒரு எட்டு பாத்துருங்களேன்" என்று போன் செய்தேன்.

"இந்தா போறேன். நீங்க நனையாம வாங்க" என்றார்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினி என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "என்னத்தப் பாத்தாகன்னு சொல்லாமலே போயிட்டாகளே" என்று மட்டும் சொல்லி அழுதார்.

அடுத்த மழைக்கு நான் காட்டுக்குப் போனேன். இடி முழங்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். அவர் விழுந்து கிடந்த இடத்திலேயே நின்று பார்த்தேன். நாலா பக்கமும் கரும்பழுப்பாகத் தண்ணீர் ஓடியது. எது எங்கே போகிறது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அண்ணாச்சி, இது எங்க போகுது?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டும்விட்டேன்.

மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள், அண்ணாச்சி.