சூடேறாத பெட்டி

லாரியில் போகும்போது தம்பிக்கு இளைப்பு வந்தால் மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்ற நெபுலைசர் வேண்டும். அது பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. அப்பாவின் லாரி பேட்டரியோ இருபத்துநாலு. நடுவில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க ஒரு ரெகுலேட்டர் பெட்டி தேவைப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

தருமபுரியில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்த சித்தி, அதியமான்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்றை மாட்டி அரைமணி நேரம், மற்றதை மாட்டி அரைமணி நேரம் என்று லாரிக்குள் நெபுலைசரை ஓடவிட்டாள். கனமான பெட்டியைத் தொட்ட அப்பா கையை உதறினார். ஆனாலும் அதுதான் உறுதியாக இருக்கிறது என்றார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறவருக்கு எடையில்லாத பொருளில் நம்பிக்கை வருவதில்லை.

"வேணாங்க மாமா. இது மிச்ச வோல்டேஜையெல்லாம் சூடாக்கித் தள்ளுது. ரொம்பச் சூடானா தானா நின்னுக்கும். இதைப் பாருங்க, எவ்வளவு நேரம் ஓடுனாலும் கை வெக்க முடியுது" என்று சித்தி சின்னதையே மாட்டினாள். அப்பா முனகினார். கழற்றவில்லை.

அடுத்த வாரம் கிழங்கு லோடு சேலத்துக்குப் போனது. தம்பியை டாக்டரிடம் காட்ட நாங்களும் ஏறிக்கொண்டோம். தொப்பூர் கணவாயில் முன்னால் ஏதோ வண்டி கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. சுற்றிலும் லாரிகள், டீசல் புகை. தம்பி இருமத் தொடங்கினான். சற்று நேரத்தில் அவன் விலாவெலும்புகளுக்கு இடையே தோல் குழிந்து குழிந்து உள்ளே போனது.

அம்மா மாஸ்க்கை அவன் முகத்தில் அழுத்தினாள். நெபுலைசர் உறுமியது.

"பொட்டி மேல கை வெச்சுக்க. சுட்டா சொல்லு" என்றார் அப்பா.

வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"சுடுதா?"

"இல்லப்பா."

மருந்து தீர்ந்ததும் அம்மா இன்னொரு மருந்துக் குப்பியை உடைத்து ஊற்றினாள்.

"இப்போ?"

அப்பாவிடம் அப்படியொரு குரலை நான் கேட்டதே இல்லை. உள்ளங்கை வியர்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

"சுடலப்பா."

வழி திறப்பதற்குள் தம்பியின் உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள்; மூன்றாம் நாள் வீடு வந்தான்.

சேர்த்த அன்றே சித்தி போனில் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன்.

"பொட்டி சுட்டுச்சா?" என்றாள், எடுத்ததும். குரல் கம்மியிருந்தது, சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்காதவளோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. அவள் கேட்டதே தம்பியைத்தான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.