ஷேக்கரின் வேகம்

முதுகலை முடித்துவிட்டு மும்பை செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ஈஸ்ட்டை வளர்த்து, அது சுரக்கும் ஒரு நொதியை முடிந்தவரை அதிகமாக எடுக்க வேண்டும். பழச்சாற்றைத் தெளியவைக்கும் நொதி அது. சூடு, சர்க்கரை, புளிப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கரின் வேகத்தை மட்டும் தொடவில்லை. நிமிடத்துக்கு இருநூறு சுற்று. காற்று நன்றாகக் கலந்தால் ஈஸ்ட் செழிக்கும், ஈஸ்ட் செழித்தால் நொதியும் பெருகும் என்று நம்பினேன்.

மழைக்காலத்தில் நொதி ஏறத் தொடங்கியது. சர்க்கரையைக் குறைத்ததன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வாரம் நல்ல முடிவுகள். வழிகாட்டியும் பாராட்டினார். ஏழாவது வாரம் பாதியாக விழுந்தது. தண்ணீரைச் சந்தேகித்தேன், புதிதாகக் கரைசல் தயாரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஷேக்கரில் இன்னொருத்தியின் குடுவைகளும் இருந்தன. தாராவிப் பெண், பூஞ்சை வளர்ப்பவள். நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசியதை அவள் கேட்கும்வரை இருவரும் இந்தியில்தான் பேசிவந்தோம். அந்த ஏழாவது வாரம் முழுக்க அவள் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தவளிடம் புலம்பினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எக்கா, ஏசாதீங்க. சாயங்காலம் நீங்க போனதும் நாந்தான் ஸ்பீட நூறா கொறச்சேன். வேகமா ஆட்டுனா என் பூஞ்சை பிஞ்சி பிஞ்சி போயிருது. காலைல நீங்க வாரதுக்கு முன்ன கூட்டி வச்சிருவேன்."

"எத்தனை நாளா?"

"ஒன்றர மாசமா."

"நோட்டுல அத்தனை நாளும் இருநூறுன்னு எழுதியிருக்கேன், தெரியுமா?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுனாபட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் உறைத்தது. நொதி ஏறியதெல்லாம் அவள் வேகத்தைக் குறைத்த நாட்களில். விழுந்தது அவள் இல்லாத வாரத்தில்.

மறுநாள் முதல் இரண்டு வேகத்திலும் மாற்றி மாற்றி வளர்த்தோம். வேகமாக ஆடிய குடுவைகளில் ஈஸ்ட் கெட்டியாக வளர்ந்திருந்தது, நொதி கொஞ்சம்தான். மெதுவாக ஆடியவற்றில் ஈஸ்ட் குறைவு, நொதி ஏராளம். காற்று தாராளமாகக் கிடைத்த ஈஸ்ட் தன் உடம்பைத்தான் வளர்த்துக்கொண்டது.

வழிகாட்டியிடம் காட்டினேன். "வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் கதவருகே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இருவரையும் திட்டித் தீர்த்தார். நோட்டில் அந்த ஆறு வாரக் கணக்கையும் அடித்துவிடச் சொன்னார். எல்லாவற்றையும் மறுபடி செய்து முடிக்கத் தீபாவளி ஆகிவிட்டது.

கட்டுரை எழுதும்போது அவள் பெயரையும் சேர்த்தேன்.

"திருட்டுத்தனம் பண்ணதுக்கா எக்கா பேரு?" என்று சிரித்தாள்.

அவள் கண்டுபிடிப்புக்காகச் சேர்த்தேனா, வாய்வரை வந்த அந்தப் பொய்க்காகச் சேர்த்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.