காலமானார் வீட்டுத் தோட்டம்

"காலமானார் வீட்ல இருக்காரா?" என்று யாராவது வாசலில் வந்து நின்றால், அவருடைய மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "இருக்கார், பின்னால வெண்டைச் செடியோட பேசிக்கிட்டிருக்கார்" என்பார்.

பட்டப்பெயர் ஊரார் வைத்தது. காரணம் இல்லாமலும் இல்லை. நகரத்தில் ஒரு நாளிதழில் இருபது வருஷத்துக்கு மேல் இரங்கல் செய்திகள் எழுதியவர் அவர். கலங்கிய கண்ணோடு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, ஒரு ஆயுளை எட்டு வரிக்குள் அடக்கிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. நர்ஸாக இருந்த மனைவிக்குக் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. வேலையை விட்டுவிட்டு, மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானும் கிளம்பிவிட்டார். நாவல் எழுதப்போகிறாராம்.

இரண்டு அறை வீடு. மேஜையைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டார். முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி மனைவியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கதாநாயகன் ரெண்டாவது பக்கத்துலயே போயிட்டானே! மிச்ச நாவலுக்கு யார் இருப்பா?"

"என்னையறியாம கை அப்படிப் போயிடுது" என்றார் பாவமாக.

அடுத்த முயற்சியில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். நான்காவது பத்தியில் அந்த அம்மாளும் மூன்று மகள்களையும் ஏழு பேரக் குழந்தைகளையும் விட்டுச் சென்றார்.

வெறுத்துப்போய் மனுஷர் மண்வெட்டியைத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே காடாகக் கிடந்த இடத்தை ஒரு மாதம் கொத்தி, தக்காளியும் வெண்டையும் வெள்ளரியும் போட்டார். உள்ளங்கை கொப்புளித்தது, தக்காளி துளிர்த்தது, பிறகு தலை தொங்கிப்போயிற்று. அன்றைக்கு மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது, சமையலறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"தக்காளிச் செடி காலமானது. சாதுவான சுபாவம். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியவரின் அன்பே அதற்கு வினையாயிற்று. உடன்பிறந்த ஐந்து செடிகள் கவலைக்கிடமாக உள்ளன."

மனைவி அதை மறுநாள் சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், ஊசிக்குக் காத்திருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினார். காய்ச்சலோடு வந்தவர் கூடச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, அவர் காலமானார் ஆகிவிட்டார்.

ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், வேலை முடிந்தும் போகாமல் நின்றார்.

"சார், எங்க அக்காவைப் பத்தி ஒண்ணு எழுதித் தரணும்."

பழக்கதோஷத்தில் இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்ப தவறினாங்க?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க சார்! கல்லு மாதிரி இருக்கா. அடுத்த மாசம் அறுபது முடியுது. அம்மா போனப்ப நான் சின்னப் பையன். அவதான் தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சு என்னை ஆளாக்கினா. செத்தப்புறம் பேப்பர்ல போட்டா அவளா படிக்கப்போறா? இப்பவே காதால கேக்கட்டும். ஆனா அவளுக்குத் தெரிய வேணாம்."

இவருக்கு என்னவோ போலிருந்தது. இத்தனை வருஷத்தில் தான் எழுதிய ஒருவரைக் கூட நேரில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தையல் கடைக்குப் போனார். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி, முன்னால் ஒரு குவியல் நீலத்துணி. அக்கா நிமிர்ந்து, "சட்டையா, பேண்ட்டா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டுப் போகலாம்னு... சின்ன வயசுல எந்த ஊரு நீங்க? தையல் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் தலை மறைந்ததும் கடையைச் சாத்திக்கொண்டு, நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், வரிசையைத் தாண்டி நர்ஸின் முன்னால் நின்றார்.

"மறைக்காம சொல்லும்மா. எனக்கு என்ன வியாதி?"

"உங்களுக்கு என்னக்கா? போன வாரம் பிரஷர் பாத்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு!"

"அப்ப உன் புருஷன் எதுக்கு என் சரித்திரத்தைக் கேட்டுக்கிட்டு வர்றார்? பள்ளிக்கூட யூனிஃபார்ம் அத்தனையும் பாதியில கிடக்கு. நாள் தெரிஞ்சா முடிச்சுக் குடுத்துட்டுப் போவேன்ல?"

நர்ஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரகசியத்தை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செடிகளுக்கு நடுவே குந்தியிருந்த காலமானார், அக்கா வேகமாக வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். அக்காவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவசரத்தில் கடையில் வைக்க மறந்திருந்தார். இவர் ஒரு அடி பின்னால் போனார். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க. என் தம்பி சொல்ற அரைகுறையை எழுதறதுக்கு, நானே சொல்லிடறேன்."

சொன்னார். தம்பிக்கு முதன்முதலில் தைத்த சட்டையில் ஒரு கை குட்டையாகப் போய்விட்டதாம். மாற்றுத் துணி இல்லை. அவன் அந்தக் கையை மடக்கியபடியே பள்ளிக்கூடம் போய் வந்தான். ஏன்டா என்று கேட்டால், வலிக்கிறது என்பான். "எனக்குத் தெரியாதா என்ன? அன்னிக்குத்தான் ஒழுங்கா தைக்கக் கத்துக்கணும்னு வைராக்கியம் வந்துச்சு."

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினார். எட்டு வரி ஆயிற்று, நிற்கவில்லை. ஒரு பக்கம் ஆயிற்று. அக்காவுக்கு இருபது வயது கூட ஆகவில்லை, காகிதம் தீர்ந்துவிட்டது. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது கூட அவர் காதில் விழவில்லை.

அறுபது முடிந்த அன்று, தையல் கடையில் தொங்கிக்கொண்டிருந்த யூனிஃபார்ம்களுக்கு அடியில் நின்று இவர் அதைப் படித்தார். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடியிருந்தார்கள். சட்டைக் கை வந்த இடத்தில் மெக்கானிக் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். இவர் படித்து முடித்ததும் நாடாவை இறக்கிவைத்தார்.

"ஒரு தப்பு இருக்கு. கோபக்காரின்னு எழுதியிருக்கீங்க. எனக்கா கோபம்?"

கேட்ட தொனியில் கடையே கப்சிப். பின்னாலிருந்து மெக்கானிக், எடுத்துவிடாதீர்கள் என்று தலையை ஆட்டினார்.

"எடுத்துடட்டுமா?" என்றார் இவர் மெதுவாக.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். நியாயமான கோபம்னு சேத்துக்கங்க."

இவர் பேனாவை எடுத்து அங்கேயே சேர்த்தார். எழுதப்பட்டவரே எதிரில் உட்கார்ந்து திருத்தம் சொன்னது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. வீடு திரும்பும்போது வழியெல்லாம் மனைவியிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் டிரைவர் தன் மாமியாரைப் பற்றி எழுதச் சொன்னார். மாமியாரோ மருமகனைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னார். நாவல் அப்படியே கிடக்கிறது. அதைப் பற்றி அவர் பேசுவதும் இல்லை.

இப்போது நடப்பது சலூன்காரர் கதை. அவர் தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருகிறார். களை பிடுங்கிக்கொண்டே பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று சொல்கிறார், முந்தைய நாள் எழுதியதை மாற்ற வேண்டியிருக்கிறது.

"எப்பதான் முடிக்கறது?" என்று இவர் ஒரு நாள் அலுத்துக்கொண்டார்.

சலூன்காரர் மண் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "என்ன அவசரம் சார்? என் கதை இன்னும் நடந்துக்கிட்டுல்ல இருக்கு!"