செங்கல் மாளிகையில் உட்காராதவர்

என் மாமியார் வேலை பார்த்த செங்கல் மாளிகையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நாற்காலியை விடுங்கள், தரையில்கூட உட்கார மாட்டார். கால் கடுத்தால் பின்வாசலைத் தாண்டிப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டு வருவார். தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். "அந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன கொறஞ்சா போயிடுவே?" என்று என் மனைவி கேட்டால், "உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்பார். அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதே அப்படித்தான். நான் நடுவில் போவதில்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மாளிகையைக் கட்டியவர் ஒரு சூளைக்காரர். எல்லாம் அவர் சூளையில் சுட்ட செங்கல். பூச்சு பூசினால் கல்லின் அழகு கெட்டுவிடும் என்று உள்ளும் புறமும் சிவப்பாகவே விட்டுவிட்டார். மாமியார் கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததால் சூளைக்காரர் அவரைச் 'சாவி' என்று கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சூளைக்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மாடிப்படியில் நின்று, விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்பார். நன்றாக வெந்த கல் கணீரென்று ஒலிக்கும், வேகாத கல் ஊமையாகக் கிடக்கும். தொழில் புத்தி போகுமா? சாகும் அன்றுகூடக் கட்டிலோரச் சுவரைத் தட்டினாராம்.

அவருக்குப் பிறகு மாளிகையை ஒரு டாக்டர் வாங்கினார். மேசை நாற்காலிகளோடு மாமியாரும் கைமாறினார். டாக்டர் தங்கமான மனிதர், "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் பேசுவார். ஒரு நாள் நல்ல மத்தியானத்தில் மாடிப்படியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். டாக்டர் சுவரில் காதை வைத்து நின்றார். நோயாளி முதுகைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் போலிருக்கிறது என்று மாமியார் சிரித்துக்கொண்டார். டாக்டர் திரும்பாமலே கூப்பிட்டார். "ஏய் சாவி! யாரு கீழே?"

அந்தப் பெயரை டாக்டருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு அவர் வெளியே போவது நின்றது. வெளியூரிலிருந்து வந்த மகனை வாசலில் பார்த்து, "யாரு நீ?" என்று கேட்டார்.

அடுத்து வந்தவர் ஒரு வக்கீல். கண்ணால் பார்த்ததையே நம்பாத ஆள், அவரும் தட்டினார். அவருடைய மனைவி அழுது புரண்டு வீட்டை ஒரு டீச்சரம்மாவுக்கு விற்கவைத்தார். டீச்சரம்மா குடிவந்த மறுவாரமே வக்கீல் கடைத்தெருவில் மாமியாரைப் பார்த்து, "சௌக்கியமாம்மா?" என்று சிரித்தாராம். உள்ளே டீச்சரம்மா தட்டத் தொடங்கியிருந்தார்.

"அதுக்கு ஒரு ஆள் போதும் மாப்பிள்ளை. புதுசா ஒருத்தர் என் வீடுன்னு உக்காந்தா பழைய ஆளை விட்டுடும்" என்று மாமியார் என்னிடம் சொன்னார். நான் எலக்ட்ரீஷியன். கண்ணுக்குத் தெரியாத எதையும் கம்பிக்குள் இருந்தால்தான் நம்புவேன். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

டீச்சரம்மாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டை மாமியாருக்கே எழுதிவைக்கிறேன் என்றார். மாமியார் பதறிப்போய், "எனக்கு வேண்டவே வேண்டாம், வேற யாருக்காவது குடுங்க" என்றார். சரி என்று டீச்சரம்மா என் மனைவி பேரில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"வித்துத் தொலைடி" என்று மாமியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"காலமெல்லாம் நீ துடைச்ச வீடும்மா இது. தானா வந்ததை விக்கச் சொல்றியே!" என்றாள் மனைவி. ஒழுகுகிற வாடகை வீட்டில் வளர்ந்தவளை நான் என்ன சொல்ல? குடிபோனோம். வீடு அவள் பேரில், அங்கே ஓர் ஆணி அடிக்கவும் நான் அனுமதி கேட்க வேண்டும். அதனால்தான் தப்பித்தேனோ என்னவோ.

மாமியார் எங்களோடு வந்து தங்கவில்லை. காலையில் பின்வாசல் வழியாக வருவார், பெருக்குவார், கல்லில் போய் உட்காருவார். "உக்காரும்மா, நம்ம வீடு" என்று மகள் சொன்னால் காதில் விழாததுபோல் இருப்பார்.

அன்று மத்தியானம் நான் கூடத்தில் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் பெருக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் டொக் டொக்.

"ஏய் சாவி! யாரு கீழே?"

என் மனைவியின் குரல்தான். மாமியார் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். "நான்தாங்க" என்றார், பெற்ற மகளிடம். பிறகு கூடத்துப் பெரிய நாற்காலியைப் பார்த்தார்.

"அத்தை, வேண்டாம்" என்றேன். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"இது என் வீடு" என்றார் சத்தமாக. "மாப்பிள்ளை, குடிக்கத் தண்ணி கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மாடிப்படியில் தட்டுவது நின்றது. மனைவி தூங்கி எழுந்தவள்போல் இறங்கி வந்தாள். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, உக்காந்துட்டியாம்மா!" என்று ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து, மடியில் கைவைத்தாள்.

மாமியார் அந்தக் கையை மெதுவாக எடுத்து விலக்கினார். அவருடைய விரல் முட்டி பக்கத்துச் சுவரைத் தேடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீ?" என்றார்.