சில்லறையோடு வந்த பவுன்

1969-ஆம் வருடம், ஐப்பசி மாதம். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். காலையில் சைக்கிளை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும்தான்.

எங்கள் தெருவுக்குத் தினமும் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு தயிர்க்கார அக்கா வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் தயிர்ப்பானை, இடுப்பில் சில்லறை போட்ட சுருக்குப் பை. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. தயிர் ஊற்றிவிட்டு, நான் நீட்டிய ஒரு ரூபாய் நோட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பைக்குள் கையை விட்டு மீதிச் சில்லறையை அள்ளிக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தாமரைப் பூ போட்ட மஞ்சள் நிற இருபது பைசா புழக்கத்துக்கு வந்திருந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, பெண்கள் நாங்கள் எல்லோரும் அதைச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்தோம். நானும் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அன்றைய சில்லறையில் இரண்டு மஞ்சள் காசு இருந்தது. முதல் காசைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டதும் டப்பாவுக்குள் வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால் கையில் கனத்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். சுத்தமான பவுன் காசு.

எனக்கு அதை அடையாளம் தெரியாமல் போக வழியில்லை. கல்யாணத்துக்கு என் அப்பா அதே மாதிரி இரண்டு பவுன் போட்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் வீட்டில் அவை இரண்டையும் என் நாத்தனார் கல்யாணத்துக்காக விற்றுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்குள் ஆறாமல் கிடந்தது. அதனால் காசைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, 'இது யாருடையதோ' என்பதல்ல. 'என்னுடையது திரும்பி வந்துவிட்டது' என்பதுதான். டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவை மடிப்புக்குள் அதைச் செருகினேன்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தயிர்க்கார அக்கா. பானை இல்லை, முந்தானை தோளில் இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அம்மணி, காலையில நான் குடுத்த சில்லறையில பவுனு ஒண்ணு கலந்து வந்துடுச்சுங்களா? பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். தோடு செய்யலாம்னு துணியில முடிஞ்சு இந்தப் பையில போட்டுக் கொண்டாந்தேன். முடிச்சு அவுந்து கிடக்குது."

"இல்லையே அக்கா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பயத்தில் வாயிலிருந்து விழுந்த வார்த்தை. ஆனால் விழுந்த பிறகு அதை எடுக்க முடியவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன் அக்கா. பைசாதான் இருந்துச்சு."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூட நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டுக்கொண்டு போன அந்தக் குரல் தூரமாகும் வரைக்கும் நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுநாளும் அவர் வழக்கம்போல வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தை நீட்டித் தயிர் வாங்கினேன். மூன்றாம் நாள் அவரே பேச்சை எடுத்தார்.

"எங்கூட்டு மருமவ மேலதான் எனக்குச் சந்தேகமா இருக்குது அம்மணி. பவுனு பையில இருக்கறது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்படியெல்லாம் இருக்காது அக்கா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

ஐந்தாம் நாள் வந்தபோது அவர் முகம் இறுகிப்போயிருந்தது. மருமகள் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாளாம். மகன் அவளை அடித்துவிட்டானாம். கைக்குழந்தையோடு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "பவுனோட வந்தா ஊட்டுக்குள்ள வா, இல்லாட்டி அங்கயே இருன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தயிர் ஊற்றினார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டிரங்குப் பெட்டிப் பக்கம் போகவே பயமாக இருந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பவுன் காசு வைத்திருந்தாலே கேள்வி வரும் என்று அப்போது ஊரில் ஒரு பேச்சு வேறு. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் போலீஸோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். "உடம்புக்கு என்ன?" என்று கணவர் இரண்டு முறை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். சனிக்கிழமை சாயந்தரம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது திரும்பி நடந்து வந்துவிட்டேன். சாமியார் முதலில் கேட்கப்போவது, 'திருப்பிக் கொடுத்தாயா?' என்பதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். எப்படி? 'இப்போதுதான் டப்பாவில் பார்த்தேன் அக்கா' என்று சொல்லலாம். நல்லாப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் நான். அந்தப் பெண் அடி வாங்கிய பிறகு போய் நீட்டினால் அக்கா என்னைப் பார்த்து என்ன கேட்பார்? தெருவே கேட்குமே? கணவருக்குத் தெரிந்தால்? கடைசியில் ஒரு வழி தோன்றியது. சில்லறையோடு வந்த காசு சில்லறையோடே போகட்டும்.

ஒன்பதாம் நாள் காலை மூன்று இருபது பைசாவுக்கு நடுவில் பவுனை வைத்துக் கையை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தேன். அக்கா வந்தார். அவர் கையெல்லாம் தயிர்.

"நீங்களே பையில போட்டுடுங்க அம்மணி" என்று இடுப்பை என் பக்கம் திருப்பினார்.

போட்டேன். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். எட்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டினால் பவுன் கிடைக்கும். மருமகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எல்லாம் சரியாகிவிடும்.

அப்போது வெளியே பக்கத்து வீட்டம்மா குரல் கேட்டது.

"ஏனுங்க, ரூவாய்க்குச் சில்லறை இருக்குதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. என் கைக்கு வந்த மாதிரியே அது இன்னொரு கைக்குப் போய்விடுமே! போகிற கை என் கையைப் போலவே இருந்துவிட்டால்?

குடத்தை எடுத்துக்கொண்டு, குழாய்க்குப் போகிறவள் மாதிரி தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்குச் சில்லறை சின்ன வெள்ளைக் காசுகளாகப் போயிற்று. அடுத்த வீட்டில் நோட்டே மாற்றவில்லை. அக்கா நடக்க நடக்க நானும் பின்னாலேயே நடந்தேன். கண் அந்தச் சுருக்குப் பையை விட்டு நகரவில்லை.

மூன்றாவது வீடு ஒரு நெசவுக்காரருடையது. அவர் மனைவிக்கும் எனக்கும் குழாயடியில் சண்டை வந்து நாலு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வாய்த்துடுக்கு, கருமி என்று நானே அந்த அம்மாவைப் பற்றிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ரூபாய் நோட்டைக் கொடுத்தார். அக்கா பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்த சில்லறையில் மஞ்சளாக ஒன்று மின்னியது. 'அது பவுன்' என்று கத்த வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். கத்தினால் எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

அக்கா பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நாலு அடி நடந்திருப்பார்.

"ஏ தயிர்க்காரம்மா, நில்லு, நில்லு!" என்று அந்த அம்மா கூப்பிட்டார். "இதென்ன இருவது பைசாவா? இந்தக் கனம் கனக்குது? உன் பவுனு இதுதான் போலிருக்கு, பாரு!"

அவ்வளவுதான். எடுத்த கையோடு நீட்டிவிட்டார். அந்த அம்மா உள்ளே போகவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு நொடி யோசிக்கவில்லை. நான் ஒன்பது நாள் செத்துச் செத்துப் பிழைத்தும் நேராகச் செய்ய முடியாததை அவர் வாசலில் நின்றபடியே செய்து முடித்துவிட்டார்.

அக்கா பானையை இறக்கி வைத்துவிட்டுத் தெரு மண்ணில் உட்கார்ந்தார். பவுனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"பையிலயே இருந்துருக்குதே! நான் பாவி, கண்ணு தெரியாத கழுதை, பையை நல்லாத் தேடாம அந்தக் கைக்குழந்தைக்காரியத் தொரத்திட்டேனே!"

தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். "பையை உதறிப் பாக்கறதில்லையா?" என்றார் ஒருவர். "பாவம் அந்தப் பொண்ணு" என்றார் இன்னொருவர். காலிக் குடத்தோடு நான் நடுவில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க, தேடியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

"ஆமாம், தேடியிருக்கலாம்" என்றேன்.

பவுனை ஒளித்தது, பொய் சொன்னது, இதற்கெல்லாம் பயம் என்று ஒரு சமாதானம் உண்டு. இந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் இன்று வரைக்கும் சமாதானம் கிடையாது.

அக்கா அன்றைக்கு மீதித் தயிரை அந்த நெசவுக்காரர் வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். அதன்பின் நாலு நாள் வரவில்லை. அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு முன்னதைவிட மோசம். அந்தப் பெண் தன் உயிரை ஏதாவது செய்துகொண்டிருந்தால்?

ஐந்தாம் நாள் அக்கா வந்தார். கூடவே, இடுப்பில் குழந்தையோடு ஒல்லியாக ஒரு பெண்.

"எம் மருமவதானுங்க. மூணு நாளு அவிங்க ஊட்டு வாசல்லயே உக்காந்துருந்தேன் அம்மணி. கால்லகூட உழுந்தேன். தப்பு என்னுதுதானே?" என்றார் அக்கா.

அந்தப் பெண் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். அவளுடைய இடது புருவத்துக்கு மேலே ஆறிக்கொண்டிருக்கும் ஒரு காயம் இருந்தது. சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. பாத்திரத்தை நீட்டித் தயிர் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் இருந்த ஒன்றரை வருடமும் அவரிடம்தான் தயிர் வாங்கினேன். மருமகள் சரியாகப் பேசுவதில்லை என்று எப்போதாவது சொல்வார். "பேசமாட்டாதான். நான் பண்ணுனதுக்குப் பேசுவாளா?" என்று அதற்கும் அவரே பதில் சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு கணவருக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது. சொல்லாமலே வண்டி ஏறிவிட்டோம்.

பவுனைத் திருப்பிப் போட்டுவிட்டேனே என்று பல வருடம் எனக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பழியைத் தன்னுடையது என்று நம்பி அந்த அக்கா தன் மருமகள் காலில் விழுந்தார் என்பது மாறவா போகிறது? தப்பு என்னுடையதுதான் என்று முதல்முறையாக இதோ எழுதிவிட்டேன். ஆனால் பாருங்கள், இப்போதும் இதன் கீழே என் பெயரைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.